துண்டு போட்ட இடம்

ஊஞ்சக்காடு அணையில் விளையாட்டுக்காகப் பிடிக்கப்பட்ட மீன் தண்ணீரைவிட்டு வெளியே வந்தால் அது இருந்த இடம் மூடிக்கொள்வதில்லை என்பது சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் பழகிப்போய் ஒன்றரை வருடம் ஆகியிருந்த ஒரு கார்த்திகை மாத ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தே முக்கால் மணிக்கு, பூங்கோதையின் தூண்டிலில் இரையாக மிதந்த ரப்பர் தவளையை ஒரு விரால் அடித்தது.

ஈரத்துணியைக் கல்லில் அறைந்ததுபோல் சத்தம் கேட்டது. தவளை இருந்த இடத்தில் நுரை மட்டும் இருந்தது. மூன்று வருடத்துக்கு முன்னால் என்றால் அந்தச் சத்தத்துக்கே கை பதறிக் கோலை வெட்டி இழுத்திருக்கும், மீனில்லாத தவளை பறந்து வந்து முகத்தில் விழுந்திருக்கும். அப்படி விழுந்த ஒரு தவளையின் கொக்கி கிழித்த வடு இன்னும் அவளுடைய இடது புருவத்தின்மேல் இருந்தது. இப்போது அவள் ஒன்று என்று எண்ணினாள், இரண்டு என்று எண்ணினாள், தூண்டில் நரம்பு பக்கவாட்டில் நகரத் தொடங்கியதைப் பார்த்தாள், அதன் பிறகுதான் கோலை வெட்டி இழுத்தாள். பரிசல் ஒருமுறை முழுதாகச் சுற்றியது.

"புடிச்சுக்குங்க அம்மிணி, புடிச்சுக்குங்க," என்றார் ரங்கராசு, துடுப்பைத் தண்ணீரில் ஊன்றிப் பரிசலின் சுற்றலை நிறுத்தப் பார்த்தபடி. "சின்னதில்லீங்க இது. பரிசலையே இழுக்குது பாருங்க."

அவர் முப்பது வருடம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பூங்கோதை தாலுகா ஆஸ்பத்திரிக்கு எதிரில் இருந்த ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்பவள், நாற்பத்தொரு வயது, பருத்த கைகளிலும் நரம்பைத் தேடிக் கண்டுபிடித்து வலிக்காமல் ஊசி ஏற்றுகிறவள் என்று பேர் வாங்கியவள். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அணைக்கரை ரோட்டில் ஸ்கூட்டரில் போனவள், ஒருவர் கரையில் நின்று வேலமரத்தைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருப்பதையும், அவருடைய தவளை அந்த மரத்தின் உச்சியில் தொங்குவதையும் பார்த்து வண்டியை நிறுத்திச் சிரித்தாள். "சிரிக்கறது லேசுங்க, வந்து ஒரு தரம் போட்டுப் பாருங்க," என்று அவர் வேறொரு தவளையைக் கட்டிக் கோலை நீட்டினார். அவள் போட்டாள். தவளை அவருடைய காதில் போய் மாட்டியது. அன்றிலிருந்து இருவரும் ஒரே பரிசல். ஒவ்வொரு மாதமும் இரண்டாவது ஞாயிறு ஊஞ்சக்காடு தூண்டில்காரர் சங்கம் நடத்தும் போட்டிக்கு அவர் துடுப்புப் போடுவார், அவள் தவளை போடுவாள். பரிசல் கரையைவிட்டுக் கிளம்பும்போது அவர் பழக்க தோஷத்தில், "போலாம், ரைட்," என்பார்.

விரால் மூன்று முறை அடியாழத்துக்கு ஓடியது, ஒருமுறை பட்டுப்போன பனைமரத்தின் அடியில் நுழையப் பார்த்தது, பிறகு சலித்துப்போனதுபோல் பக்கவாட்டில் சாய்ந்து வந்தது. பூங்கோதை ஈரத்துணி சுற்றிய கையை அதன் வயிற்றுக்கு அடியில் கொடுத்துத் தூக்கினாள். அது தண்ணீரைவிட்டு வந்த இடத்தில், பரிசலிலிருந்து ஒரு முழத் தூரத்தில், குழி நின்றது.

நீண்ட, வழவழப்பான, மீன் வடிவக் குழி. செதில்களின் தடம் வரிசை வரிசையாகத் தண்ணீரின் சுவரில் பதிந்திருந்தது. காற்றில் வந்த சிற்றலைகள் விளிம்புவரை வந்து இரண்டாகப் பிரிந்து, குழியைச் சுற்றிக்கொண்டு போய் அந்தப் பக்கம் மறுபடி ஒன்றாயின. பூங்கோதை மீனைப் பையில் போடுவதற்கு முன்னால் தன் கோலை எடுத்துக் குழியின் மேல் நீட்டிப் பார்த்தாள். கோலின் அடியிலிருந்து சரியாக எழுபத்தொரு சென்டிமீட்டரில் அவள் ஒரு சிவப்பு நூல் சுற்றி வைத்திருந்தாள். பல் டாக்டர் பரணீதரன் மாசி மாதம் பிடித்த மீனின் அளவு அது. வருடம் முழுக்க அதைத் தாண்டி யாரும் பிடிக்கவில்லை. இன்று வருடத்தின் கடைசிப் போட்டி.

குழி சிவப்பு நூலைத் தாண்டி இரண்டு விரற்கடை நீண்டிருந்தது.

"அண்ணா," என்றாள்.

"பாத்தனுங்க," என்றார் ரங்கராசு. "அண்டா உங்களுக்குத்தான்."

வருடத்தின் பெரிய மீனுக்குச் சங்கம் ஒரு எவர்சில்வர் அண்டாவைப் பரிசாக வைத்திருந்தது. அதன் வயிற்றில் இதுவரை ஜெயித்தவர்கள் பெயர் பொறிக்கப்பட்டிருந்தது. ஒன்பது பெயர்கள், ஒன்பதும் ஆண்கள்.

முதல் குழி விழுந்தது போன வருடம் சித்திரையில், ஏழு வருடம் நிரம்பாமல் கிடந்த அணை நிரம்பியதற்கு அடுத்த மாதம். அது டாக்டர் பரணீதரனின் மீன். அவர் மீனைத் தூக்கிக்கொண்டு போட்டோவுக்குச் சிரித்தார், போட்டோ எடுத்தவர் கீழே பார்த்தார், பிறகு டாக்டரும் பார்த்தார். மீனை விட்டதும் குழி மூடிக்கொண்டது. அடுத்த மீனுக்கும் அப்படியே ஆயிற்று. பொதுப்பணித்துறை இன்ஜினியர் வந்து நான்கு நாள் அணைக்கட்டில் நின்று பார்த்துவிட்டு, கொள்ளளவில் மாற்றம் இல்லை என்று மேலே எழுதினார். அந்தியூர்ப் பக்கமிருந்து ஒரு கூட்டம் வேனில் வந்து கற்பூரம் ஏற்றிப்போயிற்று. டீக்கடைக்காரர் கரையில் இரண்டு பெஞ்சு கூடுதலாகப் போட்டார். டாக்டர் தன் மாசி மீனைப் பையில் வைத்துக்கொண்டு, பல் அச்சு எடுக்கும் மாவைக் கரைத்து அதன் குழியில் ஊற்றி, செதில் செதிலாக ஒரு வெள்ளை விராலை எடுத்துத் தன் க்ளினிக் சுவரில் மாட்டினார். வாயைத் திறந்துகொண்டு படுத்திருக்கும் நோயாளிகள் அதையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்கள்.

மிகவும் நிம்மதியடைந்தவர் நடுவர் அந்தோணிசாமி மாஸ்டர்தான். அவர் மேல்நிலைப் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர், கழுத்தில் விசில், இடுப்பில் டேப். அதுவரை மீனைப் பலகைமேல் வைத்து அளந்தபோது வாலைக் கிள்ளிச் சேர்த்துப் பிடிப்பவர்களோடும், தலையை அழுத்தி நீட்டுபவர்களோடும் அவர் போட்ட சண்டைக்கு அளவே இல்லை. குழியை யாராலும் இழுத்து நீட்ட முடியாது. சங்கம் விதியை மாற்றியது. இனி மீனை அளக்கக் கூடாது, குழியைத்தான் அளக்க வேண்டும். மீன் பிடித்தவர் ஒரு மூங்கிலில் சிவப்புத் துண்டைக் கட்டி உயர்த்த வேண்டும், நடுவர் பரிசலில் வந்து அளக்கும்வரை மீனைப் பையில் உயிரோடு வைத்திருக்க வேண்டும், அளந்தபின் விட்டுவிட வேண்டும்.

கூட்டுறவு வலைக்காரர்களின் மீனுக்குக் குழி விழவில்லை. குழம்புக்கென்று தூண்டிலில் பிடித்த மீனுக்கும் விழவில்லை. வலைக்காரர் மாதையன் அதைச் சோதித்துப் பார்த்துவிட்டு வந்து சங்கத்தாரிடம் சொன்னார்: "தின்னறவனுக்குத் தண்ணி வழிவிட்டுருது. நீங்க திங்கவும் மாட்டீங்க, அதைச் சும்மா உடவும் மாட்டீங்க. என்ன பண்றதுன்னு தெரியாம தண்ணி நிக்குது."

"அப்படியில்ல மாதையா," என்றார் ரங்கராசு. "துண்டு போட்டு வெச்சிருக்குது."

"என்ன துண்டு?"

"சந்தை நாள்ல பஸ்ஸுல பக்கத்து சீட்டுல துண்டைப் போட்டு வெக்கறதில்ல? ஆளு டீ குடிக்கப் போயிருக்குது, திரும்பி வரும்னு அர்த்தம். நாப்பது பேரு நின்னுட்டு வந்தாலும் அதுல ஒருத்தரு உக்கார மாட்டாங்க. தண்ணியும் அப்படித்தான். மீனு திரும்பி வரும்னு தெரியுது, எடத்தைப் புடிச்சு வெச்சிருக்குது."

அங்கே நின்றிருந்த இன்ஜினியர் சிரிக்காமல் கேட்டார், "ஆள் வரலைன்னா துண்டை யாருங்க எடுக்கறது? கண்டக்டரா?"

"நானா? முப்பது வருஷத்துல ஒரு துண்டைத் தொட்டதில்லீங்க. தொட்டா அடி விழும். போட்டவங்கதான் எடுக்கோணும். பாலம் தாண்டுன பொறகு அவரே எந்திரிச்சு, ஆளு வர்லீங்கன்னு வாயத் தொறந்து சொல்லோணும். அவரு சொன்னாத்தான் நிக்கற சனம் உக்காரும்."

அதற்குப் பிறகு யாரும் அதைக் குழி என்று சொல்லவில்லை. இடம் என்றார்கள். உங்க இடம் எவ்வளவு, என் இடம் ஐம்பத்தெட்டு. அப்படித்தான் பேச்சு ஓடியது, இந்த வருடம் ஆடி மாதம்வரை.

ஆடியில் மொபைல் கடை கிருபாகரனின் மீன் பையிலேயே செத்துப்போயிற்று. நடுவர் தென்கரையில் வேறு ஒரு இடத்தை அளந்துகொண்டிருந்தார், வருவதற்கு முக்கால் மணி ஆகிவிட்டது. கிருபாகரன் பையைத் திறந்தபோது மீன் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு வந்தது. வெயில், என்றார்கள். ஆனால் இடம் மூடவில்லை. அளக்கவும் இல்லை, செத்த மீனுக்கு அளவில்லை என்பது விதி. கிருபாகரன் மீனை அதன் இடத்திலேயே வைத்துப் பார்த்தான், அது மூன்று நாள் அங்கே கிடந்தது, நான்காம் நாள் பருந்து எடுத்துப்போனது. குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினான், ஊற்றியது விளிம்பிலேயே வழிந்து அணைக்குப் போயிற்று. அதே நீளத்தில் இன்னொரு விராலை மாதையனிடம் வாங்கி வந்து விட்டான், அது ஒரு நொடி அங்கே படுத்துவிட்டு, அடுத்தவர் வீட்டுக்குள் தெரியாமல் நுழைந்ததுபோல் துள்ளி வெளியே போய்விட்டது. மழை பெய்தது, தண்ணீர் ஆறடி ஏறியது, இடமும் சேர்ந்து ஏறியது. வடகரைக்கு இருபது அடி தள்ளி, பட்ட ஊஞ்சைமரத்துக்குப் பக்கத்தில் அது இன்னும் இருந்தது. கிருபா இடம் என்று அதற்குப் பேராகிவிட்டது. பரிசல்கள் அதைச் சுற்றிக்கொண்டு போயின. கிருபாகரன் தூண்டிலை விட்டுவிட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் கடையை மூடிவிட்டு வந்து எதிரில் கரைப்படியில் உட்கார்ந்திருப்பான். யாரும் அவனிடம் எதுவும் கேட்பதில்லை. இன்றும் உட்கார்ந்திருந்தான்.

பூங்கோதை பையைத் தண்ணீரில் அமுக்கி விளிம்புவரை நிரப்பினாள், மீனை உள்ளே விட்டாள், காற்றுக்குமிழி ஒன்றுகூட இல்லாதபடி பிதுக்கி வெளியேற்றிவிட்டு வாயை இறுக்கிக் கட்டினாள், பரிசலின் ஓரத்தில் தண்ணீருக்குள் தொங்கவிட்டாள். ரங்கராசு துண்டை உயர்த்தினார். கிழக்கே மதகுப் பக்கத்திலிருந்து விசில் ஒன்று நீளமாகக் கேட்டது. வருகிறேன் என்று அர்த்தம்.

"அரைமணி ஆகும்," என்றார் ரங்கராசு. "எதிர்காத்து. மாஸ்டர் பரிசல் பம்பரமாட்டச் சுத்திட்டு வரும் பாருங்க."

"பரவாயில்லண்ணா."

"அண்டாவுல என்ன காச்சுவீங்க?"

"வெந்நீர்."

"எனக்கொரு டம்ளர் குடுங்க."

பூங்கோதை சிரித்தாள். கையைப் பையின்மேல் வைத்திருந்தாள். உள்ளே மீன் இடித்தது, பலமாக, தோளால் கதவை இடிப்பதுபோல. நல்லது, என்று நினைத்தாள், தெம்பாக இருக்கிறது. விசில் மறுபடி கேட்டது, அதே தூரத்தில். மாஸ்டரின் பரிசல் வெயிலில் ஒரு கரும்புள்ளியாக ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் டாக்டர் பரணீதரன் தன் தூண்டிலைச் சுருட்டிவிட்டு, எழுந்து நின்று, நெற்றியில் கையை வைத்து இவர்களுடைய துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினொன்றே காலுக்கு மீன் இடிப்பது தட்டுவதாக ஆயிற்று. தட்டும், நிறுத்தும், தட்டும்.

"அம்மிணி," என்றார் ரங்கராசு, தண்ணீரைப் பார்த்தபடி. "உட்ருலாங்களா?"

"பத்தே நிமிஷம்ண்ணா. வந்துட்டாருல்ல."

"வர்றாரு வர்றாரு. காத்தும் வருதுங்களே."

"இந்த அளவு இனி எனக்குக் கெடைக்காதுங்ண்ணா."

அவர் ஒருமுறை துழாவிப் பரிசலை இடத்தைவிட்டு விலகாமல் நிறுத்தினார். துடுப்பைக் குறுக்கே வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பதினொன்று இருபத்தைந்துக்கு மாஸ்டரின் தொப்பி தெரிந்தது. பதினொன்றரைக்குத் தட்டுவது நின்றது. பூங்கோதை கையை எடுக்காமல், நாடி கிடைக்காத கையைப் பிடித்துக்கொண்டிருப்பதுபோல் பிடித்திருந்தாள், ஒரு நிமிடம், இன்னொரு நிமிடம். வடகரைப் படியில் கிருபாகரன் எழுந்து நின்றான். துண்டு உயர்ந்து எவ்வளவு நேரமாயிற்று என்பதை அந்த அணையில் எண்ணிக்கொண்டிருந்த இன்னொரு ஆள் அவன்.

அவள் கட்டை அவிழ்த்தாள். மீன் வெள்ளை வயிற்றைக் காட்டியது.

"ஐயோ," என்றார் ரங்கராசு.

வாலைப் பிடித்து, வயிற்றைத் தாங்கி, தண்ணீருக்குள் நேராக நிறுத்தி, முன்னால் தள்ளிப் பின்னால் இழுத்தாள், முன்னால் தள்ளிப் பின்னால் இழுத்தாள். செவுளில் தண்ணீர் ஓட வேண்டும், ஓடினால் உயிர் வரும். அதை ஒரு வீடியோவில் பார்த்திருந்தாள், வேறு தேசத்து ஏரி, வேறு ஜாதி மீன், சிவந்த முகத்தோடு ஒரு வெள்ளைக்காரர் இதேபோல் செய்வார், மீன் உதறிக்கொண்டு போய்விடும். பையை நிறைத்து வாயை இறுக்கிக் கட்ட வேண்டும் என்று சொன்னதும் அதே வீடியோதான். அதற்கு முன்னால் சங்கத்தில் எல்லோரும் பையில் பாதிதான் தண்ணீர் விட்டு மீனை வைத்திருந்தார்கள். அவள் கையில் விரால் ஒவ்வொரு தள்ளலுக்கும் கனம் கூடிக்கொண்டே போனது.

அப்போது பனைமரத்தின் அருகே, பதினைந்து அடி தள்ளி, வேறு ஒரு விரால் மேலே வந்து வாயைத் திறந்து ஒரு மிடறு காற்றை விழுங்கிவிட்டுக் கீழே போனது. ப்ளக். அவ்வளவுதான் சத்தம். பூங்கோதையின் தலை தானாகத் திரும்பியது, வலது கை மீனை விட்டுக் கோலை நோக்கி நீண்டது. மூன்று வருடப் பழக்கம். எங்கே மூச்சு வாங்குகிறதோ அங்கே தவளையைப் போட வேண்டும். மணிக்கணக்காக அசையாமல் உட்கார்ந்து அவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தது அந்த மூச்சைத்தான். விரால் மேலே வராமல் இருக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும், எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை வரும் என்று தெரியும், மேகம் போட்டால் எப்படி, வெயில் ஏறினால் எப்படி என்றெல்லாம் தெரியும். எங்கே போடுவது என்பதற்காக மட்டும் தெரியும்.

நீண்ட கை பாதியில் நின்றது.

"அண்ணா, இதுக்குக் காத்து வேணும்."

"என்னுங்க?"

"தண்ணியில மூச்சு முட்டிருச்சுங்ண்ணா. நாந்தான் முட்ட வெச்சேன்."

மீனைத் தூக்கிப் பரிசலுக்குள் வைக்கப் போனாள். உச்சி வெயிலில் பரிசலின் தார் இளகி மூங்கில் பிளாச்சுகளின் இடுக்கில் மேலே கசிந்திருந்தது, ரங்கராசே கால்களைத் தூக்கிப் பலகைமேல் வைத்துக்கொண்டிருந்தார். வேறு இடம் இல்லை. இருந்த ஒரே இடம் ஒரு முழத் தூரத்தில், நிழலாக, குளிர்ந்து, தண்ணீர் இல்லாமல், அந்த மீனின் அளவில் இருந்தது.

"அந்தப் பக்கம் சாஞ்சுக்குங்க," என்றாள்.

அவர் எதிர்ப்பக்கம் முழுப் பாரத்தையும் போட்டுச் சாய்ந்தார். அவள் இடுப்புவரை வெளியே வளைந்து, மீனை இரண்டு கையாலும் ஏந்தி, அதன் இடத்தில் வைத்தாள். மீனின் துடுப்பு துடுப்பின் தடத்தில் பொருந்தியது, வால் வாலின் தடத்தில் பொருந்தியது. இரண்டு பக்கமும் தண்ணீர் சுவராக நின்றது, சுவருக்குள் சின்னக் குஞ்சுகள் போய்வந்தன. விரால் அசையவில்லை.

"தொடாதீங்க!" மாஸ்டர் விசிலையே துப்பிவிட்டுக் கத்தினார். அவருடைய பரிசல் கடைசியாக ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு வந்து இவர்களுடையதில் மோதியது. டேப் ஏற்கனவே கையில் இருந்தது. "இடம் காலியா இருந்தாத்தாங்க அளக்க முடியும். எடுங்க. அரை நிமிஷம், அளந்துட்டு நீங்களே வெச்சுருங்க. எழுபத்தொண்ணைத் தாண்டுதுங்க, கண்ணுலயே தெரியுது!"

"வேண்டாங்க மாஸ்டர்."

"பூங்கோதை, அரை நிமிஷம்."

"வேண்டாம்."

"அட, அரை நிமிஷத்துல என்ன ஆயிரும்?"

"மாஸ்டர்," என்றார் ரங்கராசு, சாய்ந்த வாக்கிலேயே, கூட்டம் நெருக்கும் படிக்கட்டில் பேசும் குரலில், "அம்மிணி வேண்டாங்குதுங்க."

பூங்கோதை ஒன்று என்று எண்ணினாள். இரண்டு என்று எண்ணினாள். தவளையை அடித்த மீனுக்கு அவள் அதற்குமேல் எண்ணியதில்லை, இப்போது எண்ணினாள், பதினொன்று, பன்னிரண்டு. காற்று நின்றிருந்தது. பத்தொன்பதில் வாய் திறந்தது, ஒரு மயிரிழை, மூடிக்கொண்டது. முப்பத்து மூன்றில் மறுபடி திறந்தது. நாற்பதில் செவுள் மடல் தூக்கிக் காற்று உள்ளே போகும் சத்தம், அந்த ப்ளக், அவள் முகத்துக்கு மிக அருகில் கேட்டது. அதன் பிறகு அது அவசரப்படவில்லை. படுத்துக்கொண்டு, கண்ணை மேலே வைத்துக்கொண்டு, காற்றைக் குடித்தது, மறுபடி குடித்தது. பிறகு வாலின் பக்கமிருந்து தண்ணீர் மெல்ல ஏறி, போர்வையை இழுத்துவிடுவதுபோல் அதை மூடியது. ஒரு கணம் மூடிய தண்ணீருக்குள் அது அப்படியே நின்றது. பிறகு அங்கே இல்லை.

மாஸ்டர் தட்டையான தண்ணீரை டேப்போடு பார்த்துக்கொண்டிருந்தார். "என்னன்னு எழுதறது?" என்று கேட்டார்.

"ஒண்ணும் எழுத வேண்டாங்க," என்றாள் பூங்கோதை. ரங்கராசு நிமிர்ந்தார், பரிசல் நேரானது. "கரைக்கு விடுங்ண்ணா. வடகரைக்கு."

"மத்தியானம் வரைக்கும் போட்டி இருக்குதுங்களே. இன்னொண்ணு—"

"அந்த வீடியோவை சங்கத்து வாட்ஸ்அப் குரூப்புல போட்டது நாந்தாங்ண்ணா. பை நிறையத் தண்ணி, காத்துப் புகாம இறுக்கிக் கட்டுங்கன்னு தமிழ்ல பேசியும் போட்டேன். ஆடி மாசம் கிருபா கரையிலிருந்து கெளம்பறப்ப பையில தண்ணி பாதிதான் இருந்துச்சு. நாந்தான் கூப்பிட்டுச் சொன்னேன்."

ரங்கராசு துடுப்பைப் போட்டார். மாஸ்டர் ஏன் என்று தெரியாமல் பின்னாலேயே வந்தார்.

கிருபாகரன் கடைசிப் படியில், தண்ணீர் செருப்பைத் தொட நின்றிருந்தான். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். "பொழைச்சுக்கிச்சுங்களாக்கா?" என்று கேட்டான்.

"பொழைச்சுக்கிச்சு." அவள் பரிசலைவிட்டு இறங்கி முழங்கால் தண்ணீரில் நின்றாள். மேலே ஏறவில்லை. "கிருபா, உங்க மீனு வெயில்ல சாகலீங்க. பையை நெறைச்சுக் கட்டுனதுல மூச்சு முட்டிச் செத்துச்சு. விரால் மேல வந்து காத்து வாங்கற மீனு. எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும், எல்லாருக்கும் தெரியும். இருந்தும் நான் அப்படிக் கட்டச் சொன்னேன்."

அவன் அவளைப் பார்க்கவில்லை, ஊஞ்சைமரத்தைப் பார்த்தான்.

"இடிச்சுட்டே இருந்துச்சுங்கக்கா," என்றான். "உள்ள இருந்து. தண்ணி பத்தலையோன்னு நெனச்சு, அவுத்து இன்னும் கொஞ்சம் ஊத்துனேன்."

பூங்கோதை பரிசலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அவுத்தப்பக்கூட வாயை மேல கொண்டாந்துச்சு. நான் அமுக்கி உள்ள தள்ளுனேன்." அவன் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தான். பிறகு மாஸ்டரிடம் நீட்டினான். "டேப்பைக் குடுங்க சார்."

"செத்த மீனுக்கு அளவு—" என்று தொடங்கிய மாஸ்டர் நிறுத்திக்கொண்டு டேப்பைக் கழற்றிக் கொடுத்தார்.

கிருபாகரன் பரிசலில் ஏறினான், நான்கு மாதத்தில் முதல் முறையாக. பூங்கோதை ஏறி எதிரில் உட்கார்ந்தாள். ரங்கராசு பரிசலைத் தள்ளும்போது வழக்கமாகச் சொல்வதைச் சொல்லவில்லை. இருபது அடிதான். பட்ட மரத்தின் நிழலில் கிருபா இடம் கிடந்தது, விளிம்பில் பாசிகூடப் பிடிக்காமல், நேற்றுத்தான் யாரோ எழுந்து போனதுபோல. அடியில் பருந்தின் இறகு ஒன்று இருந்தது. கிருபாகரன் கையை விட்டு அதை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். பிறகு டேப்பின் நுனியை வால் முடிந்த இடத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்லிப் பூங்கோதையிடம் கொடுத்து, மறுமுனையை மூக்கு இருந்த இடம்வரை இழுத்தான்.

"அறுபத்தி நாலு," என்றான். "அண்ணா, எழுதிக்குங்க."

ரங்கராசிடம் பேனா இல்லை. "அறுபத்தி நாலு," என்று திருப்பிச் சொன்னார்.

கிருபாகரன் காத்திருந்தான். இப்போது அவன் பூங்கோதையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். கோபமாகவும் இல்லை, கோபமில்லாமலும் இல்லை. பஸ்ஸில் துண்டு கிடக்கும் சீட்டுக்குப் பக்கத்தில் வெகுதூரம் நின்றுகொண்டே வந்தவன் பார்ப்பதுபோல் பார்த்தான்.

அவள் டேப்பின் நுனியை விடாமல், துண்டு போட்டவளாக, இடத்தின் மேல் குனிந்தாள்.

"ஆளு வர்லீங்க," என்றாள்.

தண்ணீர் கொஞ்ச நேரம் நம்பாததுபோல் நின்றது. பிறகு சுவர்கள் தளர்ந்தன, செதில் தடங்கள் ஒவ்வொரு வரிசையாக அழிந்தன, சத்தமே இல்லாமல் இரண்டு பக்கமிருந்தும் வந்து சேர்ந்தது. ஒரு அலை எழுந்து பரிசலைத் தொட்டுவிட்டுக் கரைக்குப் போனது. இருவரும் கையை எடுக்கவில்லை. டேப் மட்டும் தண்ணீரின்மேல், அறுபத்து நான்கு சென்டிமீட்டர் நீளத்துக்கு, நேராகக் கிடந்தது.